விதிவிலக்கு கிடையாது

ஜூன் 12
கல்லூரியில் நேரடி வகுப்பிலிருந்து ஆன்லைனுக்கு மாறுவதற்கான விதிகள் இன்று கமிட்டியில் முடிவாகிவிட்டன. மூன்றாம் விதி என் கைவண்ணம்: "ஆசிரியர் மாற விரும்பினால் மூன்று வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். விதிவிலக்கு கிடையாது." கடைசி இரண்டு வார்த்தை முதல்வருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாம் வேதியியல் சாருக்காகத்தான். போன வருஷம் நினைத்தபோதெல்லாம் வீட்டிலிருந்து பாடம். "பாடத்தைவிட குக்கர் விசில்தான் தெளிவா கேக்குது" என்றேன். கமிட்டியே சிரித்தது. காலை நீட்டிக்கொண்டு சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு கடிவாளம் வேண்டாமா?

ஜூலை 3
வேதியியல் சார் காலையில் போனில் அனுமதி கேட்டாராம். மறுத்துவிட்டார்கள். ஆள் வரவில்லை, ஆப்சென்ட். நன்றாக வேண்டும்.

ஆகஸ்ட் 19
அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். தலையில் அடி. நாளை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். அத்தான் போனை அவளிடம் கொடுத்தார். "நீ பக்கத்துல இருடி, அது போதும்" என்றாள். என்னை வளர்த்தவள், இதுவரை என்னிடம் எதையுமே கேட்டதில்லை. பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

இந்த வாரம் ஆய்வுக்குழு வருகிறது, யாருக்கும் விடுப்பு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் எடுக்கிறேன் என்று முதல்வரிடம் கெஞ்சினேன். தாளைத் திருப்பி மூன்றாம் விதியில் விரலை வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

போய்த் தொலையட்டும் வேலை என்று பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. எழுதினவளே மீறிட்டாள்னு நாலு பேர் பேசுவாங்களே... அந்த வெட்கம்.

ஆகஸ்ட் 20
எட்டே முக்காலுக்குக் கல்லூரி வாசல். காவலாளி கேட்டார்: "மெசேஜ் பாக்கலையா மேடம்? தண்ணிக் குழாய் உடைஞ்சிடுச்சு. இன்னிக்கு எல்லாம் ஆன்லைன்."

ஐந்தாம் விதி. நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முன்னறிவிப்பு தேவையில்லை. அதை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை.

காலி வகுப்பறையில் லேப்டாப்பைத் திறந்து, முப்பத்தொரு கறுப்புக் கட்டங்களுக்கு இயற்பியல் நடத்தினேன். ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு! இதையே அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நடத்தியிருந்தால் எந்தக் குடி முழுகிப் போயிருக்கும்? போன் பைக்குள் கிடந்தது. பன்னிரண்டரைக்கு எடுத்துப் பார்த்தால் அத்தான் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 21
ஆபரேஷன் நடக்கும்போதே அக்கா போய்விட்டாள். மயக்க மருந்து கொடுக்கும்வரை "வந்துட்டாளா, வந்துட்டாளா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். பாவி நான்.

செப்டம்பர் 4
வேலைக்குத் திரும்பினேன். எல்லோரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். வேதியியல் சார் கடைசியாக வந்தார். ஒரு டீ வாங்கி என் மேஜையில் வைத்தார். அப்போதுதான் கேட்டேன், போன வருஷம் ஏன் சார் அடிக்கடி வீட்டிலிருந்தே எடுத்தீங்க என்று. கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

"வீட்டம்மாவுக்கு வலிப்பு வரும். வந்த அன்னிக்குத் தனியா விட முடியாது. சமையலும் நான்தான், அடுப்புகிட்ட விடமாட்டேன்" என்றார். "அது மூணு நாள் முன்னாடி சொல்லிட்டு வர்றதில்ல மேடம்."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் மனுஷன்.

செப்டம்பர் 6
இன்று வேதியியல் சார் மறுபடியும் ஆப்சென்ட்.

நாலு மணிக்கு ஒரு மெசேஜ்: ஐந்து மணிக்கு அக்காவுக்கு இரங்கல் கூட்டம், ஆன்லைனில். ஒரே ஒரு மணி நேர அவகாசம்! முதல்வர் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று தாளைப் பார்த்துப் படித்தார். அக்கா பெயரைத் தப்பாகச் சொன்னார். பிறகு இரண்டு நிமிட மௌனம்.

யாரோ மைக்கை அணைக்கவில்லை. நடுவில் குக்கர் விசில். ஒன்று. இன்னொன்று. இரண்டு மூன்று கட்டங்களில் முகங்கள் சிரிப்பை அடக்கின, அன்று கமிட்டியில் சிரித்த அதே முகங்கள். சிரிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே.

"யாரு சார் அது? மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்றார் முதல்வர்.

வேதியியல் சாருக்கு மட்டும் தட்டினேன்: "மைக் கிடக்கட்டும் சார். முதல்ல அடுப்பைப் பாருங்க."