சுடும் என்று அவருக்குத் தெரியும்

முவைலா, ஷார்ஜா
9.2.2024

பிரியமுள்ள சுகிர்தராணி மைனிக்கு,

சேசுவுக்குப் புகழ். போனில் பேசினால் உங்கள் தம்பி பிடுங்கி எறிகிறார். அதனால் ஊருக்கு வரும், என்னோடு வேலைபார்க்கும் ஷாஜினியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ருவைஸில் வேலையில் சாரத்திலிருந்து அவர் விழுந்த காயம் ஆறிவிட்டது. ஆனால் நெற்றிக்குப் பின்னால் மூளையில் பட்ட அடி ஆறவில்லை. பழையதெல்லாம் நினைவிருக்கிறது, தன்னைத் தடுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. நேற்று, "அடுப்பு சுடும், தொடாதே ஜினி" என்று எனக்கே சொன்னார். சொல்லிக்கொண்டே தன் கையை வைத்தார். இன்று கட்டுப்போட்ட அதே கையை மறுபடியும் வைத்தார்.

அழுத மகள்மேல் டீ கிளாசை எறிந்தார். உடனே அவளிடமே பிஸ்கட் கேட்டார். ஐந்து வயதுப் பிள்ளை மைனி. வார்டில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்த நர்ஸ்தான் நான். வீட்டில் முடியவில்லை. அவளை யாரிடம் விட்டு டூட்டிக்குப் போவேன்?

உங்கள் ஜினி

குளச்சல்
2.3.2024

ஜினி மக்களே,

ஆன்றோ நேற்றும் போனில் என்னிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். அப்பா மீன்பிடிக்கப் போன வள்ளத்தைக்கூட மறக்கவில்லை. எந்த ஆம்பிளைக்குக் கோபம் வராது? நீ டூட்டி டூட்டி என்று ஓடினால் அவனும் என்ன செய்வான்? அவனை இங்கே அனுப்பிவை. பக்கத்திலிருந்து நல்லது கெட்டது சொன்னால் மாறிவிடுவான்.

சுகிர்தராணி

குளச்சல்
17.6.2024

ஜினி,

அவனை இங்கே அனுப்பிவைக்கச் சொன்னபோது உன்னை நம்பாமல் போனேன். மன்னித்துவிடு.

நேற்று பக்கத்து வீட்டு அடக்கத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். "சிரிக்கப்பிடாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா?" என்றுதான் கிளம்பினான். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது வாய்விட்டுச் சிரித்தான். செத்தவருடைய மக்கள் அடித்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். உதட்டில் ரத்தம் ஒழுக, "சிரிக்கப்பிடாதுக்கா" என்றான். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

என்னால் இனி முடியாது மக்களே. நீ பெண்டாட்டி. வந்து கூட்டிப்போ.

சுகிர்தராணி

முவைலா
1.7.2024

மைனி,

அவர் வேண்டுமென்று செய்வதில்லை. அடியும் புத்திமதியும் அவரை மாற்றாது. அடுப்பறையைப் பூட்டுங்கள். கூட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள். துணைக்கு ஓர் ஆளை வையுங்கள், சம்பளம் நான் அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் டிக்கெட் எடுக்கத்தான் உட்கார்ந்தேன். "அப்பா கம்மிங்?" என்று பிள்ளை கேட்டாள். ஆமாம் என்றேன். கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. நானும் தரையில் படுத்து அவள் காலைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

நான் வரமாட்டேன் மைனி. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அவரைக் கைவிடாதீர்கள்.

ஜினி எங்கே என்று அவர் கேட்டால், சாயங்காலம் வந்துவிடுவாள் என்று சொல்லுங்கள். பொய் என்று தெரிந்தாலும் மறுபடியும் கேட்பார், தினமும் அதையே சொல்லுங்கள்.

ஜினி