நீ மாட்டிவிட்டுப் போன மூடி

மேல் டிவிசன்,
ஸ்பிரிங்வெளி,
பதுளை.

அன்பு மகன் ரஜீவனுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் நான் சுகம், கோழிகள் சுகம், வேனும் சுகம். நீயும் நிஷாலினியும் பிள்ளையும் அங்கே டோஹாவில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன். வேனின் சுகத்தையும் சேர்த்து எழுதியதற்கு நீ முகம் சுளிப்பாய் என்று எனக்குத் தெரியும், சுளித்துக்கொண்டே முழுவதையும் வாசி. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிறாய், இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது. கடிதம் நடுவில் அறுந்து போகாது. மர்ஸூக் நானாவின் மகன் ஹஸீப் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்து விடுகிறேன். பார்சலில் மிளகாய்த் தூளும் தேயிலைத் தூளும் இன்னொரு சாமானும் இருக்கின்றன. கடிதத்தை வாசித்த பிறகு பார்சலைப் பிரி.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மர்ஸூக் நானாவுக்குப் போன் பண்ணி வேனை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். போன கிழமை டவுனில், நம் மேல் பள்ளிக்கூடத்துக்கு வரும் றின்ஸா டீச்சருக்காக நான் நிறுத்தும் இடத்தில் அவர் குடையோடு வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கியது. "ஒங்கட மகன் சென்னதாலதான் நான் வந்த, எனக்கிட்ட கோவிச்சிக்கொள்ள வாணாம்" என்றார். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? பழைய வாகனம் வாங்கி விற்பது அவர் தொழில். என் கோபம் எல்லாம் உன் மேல்தான், அதை ஒளிக்க நான் நினைக்கவும் இல்லை.

வேனுக்கு வந்த நோயை, அந்த வருத்தத்தை, நீ கராஜ்கார றொமேஷ் சொன்னபடிதான் கேட்டிருக்கிறாய், இப்போது நான் சொல்வதைக் கேள். நீ நத்தார் பண்டிகைக்கு வந்து திரும்பிப் போன பிறகுதான் அது தொடங்கியது. காலையில் கடை வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் பதுளைக்குப் போகும்போது ஒரு குறையும் இல்லை. டீச்சரை ஏற்றிக்கொண்டு மேலே திரும்பும்போது பாதி ஏற்றத்தில், அந்த வளைவில், இழுவை குறையும், திக்கும், பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கொயில் சூடானால் இப்படித்தான் செய்யும் என்று நான் கொயிலை மாற்றினேன். வருத்தம் போகவில்லை. அதற்காக நான் தப்பாக மாற்றினேன் என்று நினைக்காதே, அந்தக் கொயில் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

அதன் பிறகுதான் றொமேஷின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவன் கொஞ்சம் முறுக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, எஞ்சினுக்கு வயசாயிருச்சு, ரிங் தேஞ்சிருக்கும், இறக்கித்தான் பாக்கணும்" என்றான். நான் விடவில்லை. "எண்ணெய் குடிக்கல, நீலப் புகை விடல, சும்மா நின்னா தானா சுகமாகுது. அந்த மாதிரி வருத்தக்காரனுக்கு நெஞ்சைக் கிழிப்பியாடா?" என்று கேட்டேன். சிரித்தான். சிரித்துவிட்டு உனக்குப் போன் பண்ணினான். நல்ல பிள்ளைதான், ஆனால் அவன் கராஜ் சமதரையில் இருக்கிறது, அங்கே இந்த வேன் ஒரு நாளும் நிற்கவில்லை. ஏற்றத்தில் என்னோடு ஒரு தடவை வந்து பார் என்றேன், அதற்கு அவனுக்கு நேரமில்லை.

வேன் அடுத்த தடவை நின்றபோது பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தேன், நெருப்பு நீலமாக நன்றாக அடித்தது. காபரேட்டருக்கு வரும் குழாயைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட் அடித்தால் பெற்றோல் எச்சில் துப்புகிற மாதிரித்தான் வந்தது. ஆகவே பசியில்தான் சாகிறது. மறுநாள் பம்ப்புக்குப் போகும் டியூபைக் கழற்றி, சீட்டுக்குப் பக்கத்தில் கட்டிய கேன் ஒன்றில் விட்டு அதிலிருந்து குடிக்க வைத்தேன். றின்ஸா டீச்சர் ஏறியதும் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஆன்ட்டி, வேனுக்கு சேலைன் ஏத்தியா ஈக்கி?" என்று கேட்டார். சேலைனோடு வேன் ஒரு இடத்தில் கூட நிற்காமல் பள்ளிக்கூட வாசல் வரை ஏறியது. அப்படியானால் எஞ்சின் நல்லது, காபரேட்டர் நல்லது, பம்ப்பும் நல்லது, குற்றம் டேங்கில் அல்லது டேங்கிலிருந்து வரும் குழாயில். டேங்கை இறக்கிக் கழுவினேன், குழாயில் வாய் வைத்து ஊதினேன், தடையில்லாமல் காற்று போனது. எல்லாவற்றையும் மாட்டி ஓட்டினால் பழையபடி அதே வளைவில் நின்றது. மர்ஸூக் நானா குடையோடு வந்தபோது நான் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன்.

ஏறுங்கள் நானா, முதலில் டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் விடுவோம், பிறகு பேசுவோம் என்றேன். ஏறினார். அவர் வந்த அன்றும் அந்த வேன் எனக்கு மரியாதை தரவில்லை, வளைவில் நின்றது. டீச்சர் இறங்கிப் பழக்கப்பட்ட மாதிரி சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் குனிந்து குழாயைத் தளர்த்தும்போது மர்ஸூக் நானா பின்னால் நின்று, "அக்கா, முதல்ல பெற்றோல் ஈக்கா எண்டு பாத்தீங்களா?" என்றார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷம் இந்த ரோட்டில் ஓட்டுகிற என்னைப் பார்த்துப் பெற்றோல் இருக்கிறதா என்று கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாவியை எடுத்து, வந்து பாருங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று டேங்க் மூடியின் பூட்டைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு பெரிய சீறல். "அல்லாஹ், பாம்பு!" என்று நானா பின்னால் பாய்ந்தார், குடை ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. டேங்க் காற்றை உள்ளே இழுத்து முடித்ததும் அதன் தகரம் டொம் என்று ஒரு சத்தம் போட்டது. நான் அந்த மூடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மகனே, அது நீ மாட்டிய மூடி. பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில் யாரோ டியூப் விட்டு உறிஞ்சிக்கொண்டு போனதை நீ மறக்காமல், நத்தார் லீவில் டவுனில் பூட்டு வைத்த மூடி ஒன்றை வாங்கி வந்து, இனிப் பாதுகாப்பு அம்மா என்று மாட்டினாய். அது புது வாகனத்து மூடி. புது வாகனங்களின் டேங்குக்குக் காற்றுப் போக வேறு வழி வைத்திருக்கிறார்கள். நம் வேனுக்கு மூடியில் இருக்கும் சின்னத் துளைதான் மூக்கு. நீ மூக்கை அடைத்துவிட்டுப் போய்விட்டாய். டின்பால் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், அடுப்படியில் திருடிக் குடித்தவன்தானே நீ. எஞ்சின் பெற்றோலை இழுக்கிறது, போன பெற்றோலின் இடத்துக்குக் காற்று வரவில்லை, கடைசியில் டேங்க் கொடுக்க மறுக்கிறது. நிறுத்தி வைத்தால் எங்கோ ஒரு இடுக்கால் கொஞ்சம் காற்றுக் கசிகிறது, அதனால்தான் தானாகச் சுகமானது.

அன்றைக்கு மூடியில்லாமல் டேங்க் வாயில் துணியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். அதிர்ஷ்டம் என்று நீ சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மறுநாள் உன் மூடியைப் பூட்டி ஓட்டினேன், அதே வளைவில் நின்றது. திறந்தேன், சீறியது, ஏறியது. பழைய மூடியை நீ வீசிவிட்டாய், நான் எடுத்துக் கோழிக்கூட்டின் நொண்டிக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தேன். அதை எடுத்துக் கழுவி, துளையில் இருந்த மண்ணை ஊக்கால் குத்தி எடுத்து மாட்டினேன். அதன் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. கோழிக்கூடுதான் இப்போது சரிந்து நிற்கிறது.

இந்த வேன் போனால் என்ன ஆகும் என்று நீ யோசித்தாயா? இதற்கு முன் மேலே வந்த டீச்சர்மார் எல்லாம் பஸ் இல்லை என்று மாற்றம் கேட்டுப் போனார்கள். றின்ஸா டீச்சர் மட்டும்தான் நிற்கிறார். வேன் விற்கிற கதை கேட்டதும், "அப்ப நானும் மாற்றத்துக்கு எழுதித்தான் போடணும் ஆன்ட்டி" என்றார், அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. உன் அப்பா இருந்த வரைக்கும் இந்தச் சாவியை என்னைத் தொட விட்டதில்லை. அவர் போன பிறகு யாரும் சொல்லித்தராமல் நானே பழகினேன். லைசன்ஸ் சோதனைக்குப் போன அன்று சோதிக்க வந்த ஐயா என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, ஓட்டப் போகிறது யார் என்று கேட்டார். அப்போதே இறங்காதவள் இப்போது இறங்குவேனா?

வேனை விற்றுவிட்டு வத்தளையில் நிஷாலினியின் அம்மா வீட்டு மேல்மாடி அறையில் போய் இருக்கச் சொல்கிறாய். நல்ல அறை, கேட்டுக்குப் பூட்டு இருக்கிறது, பாதுகாப்பு என்று சொன்னாய். மூடி மாட்டிய அன்றும் இதே சொல்லைத்தான் சொன்னாய். சம்பந்தியம்மாவுக்கு என் அன்பைச் சொல், அறையை வாடகைக்கு விடச் சொல். நான் வர மாட்டேன்.

மர்ஸூக் நானா இறங்கும்போது, "நான் மகனுக்கு என்ன செல்ற?" என்று கேட்டார். ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். குடை நனைந்ததை மட்டும் அவர் இன்னும் மறக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள், பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடு, இந்தக் கடிதத்திலேயே தொடங்கலாம். திருவிழாவுக்கு வந்தால் உன்னை நான்தான் ஸ்டேஷனில் வந்து ஏற்றுவேன், இதே வேனில், வளைவில் நிற்காமல். மாதா உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத, ஆனால் உன் மேல் குறையாத அன்புள்ள அம்மா,
ம. இருதயம்மா

பார்சலில் உள்ள மற்றச் சாமான் உன் மூடிதான். சாவிகள் இரண்டையும் அதிலேயே கட்டியிருக்கிறேன், ஒன்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.