மாப்பிள்ளையின் கோட்டும் பன்னிரண்டு கிலோவாட் அடுப்பும்

ஃபோல்டால்,
பிப்ரவரி 18

அன்பு மகள் இங்குனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், ஜனவரி மாதத்தில் பாதி வெந்து போனதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. அந்த வெயில் ஊர் ரெசிஃபேயில் நீயும் மாப்பிள்ளை ரெனாட்டோவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்று போன வாரம் சொன்னாயே, அதைச் சரி செய்தாகிவிட்டதா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்கிறார். இந்த விஷயத்தை அவருடைய திருத்தம் இல்லாமல் முழுசாகச் சொல்ல வேண்டும், அதிலும் கடைசியில் என் தலையில் விடிகிற ஒரு பகுதி இருக்கிறது, அதை நானே சொன்னால்தான் மரியாதை. அவர் இப்போது ஆற்றங்கரையில் பிர்ச் மரம் வெட்டப் போயிருக்கிறார், மதியச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

நம்முடைய பழைய கணப்பு அடுப்பு நவம்பரில் விரிசல் விட்டுவிட்டது, உள்பக்கத் தகடு ஓட்டையாகி நெருப்பு வெளியே தெரிந்தது. சரி, புதிதாக வாங்கலாம் என்று பேச்செடுத்தோம். இரண்டு பேருக்கு, ஒரு கூடத்துக்கு, அடக்கமாக ஒன்று போதும் என்பது என் கட்சி. போன இரண்டு கோடையிலும் உன் அப்பாதான் சுவருக்குள் பஞ்சு அடைத்து, ஜன்னலுக்கெல்லாம் மூன்றடுக்குக் கண்ணாடி போட்டு, ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தார், முன்பு வேண்டியிருந்த சூட்டில் பாதி கூட இப்போது வேண்டாம். ஆனால் அவர் கடைக்குப் போனதும் ஆளே மாறிவிட்டார். கடைக்காரர் நல்ல மனிதர், ஒழுங்காகத்தான் கேட்டார், சூடாக்க வேண்டிய அறை எத்தனை சதுர மீட்டர் என்று. முப்பத்தைந்து என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவர் நூற்று நாற்பது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடியில் இருக்கிற நாலு படுக்கையறை, நிலவறை, விறகு வைக்கிற இடம் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறார்! இந்தப் பள்ளத்தாக்கில் படுக்கையறைக்கு யார் சூடு போடுகிறார்கள்? ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிற ஆட்கள் நாம். கடைக்காரர் சந்தேகமாக என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன், இவர் அடுப்பைப் பார்த்தார். பன்னிரண்டு கிலோவாட், வார்ப்பிரும்பு, தூக்க நாலு பேர் வேண்டும். பெருசா இருந்தா என்ன, கொஞ்சமா எரிச்சா போச்சு என்று சொல்லி வாங்கியே விட்டார். வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை, உங்களுக்குக் கூடம் சூடாகணுமா இல்ல பள்ளத்தாக்கே சூடாகணுமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஜனவரி எட்டாம் தேதி முதல் முறையாக மூட்டினோம். வெளியே மைனஸ் இருபத்து நாலு. அப்பா ஒரு கை விறகு வைத்து, மேலே சுள்ளி அடுக்கி, மேலிருந்து பற்ற வைத்தார், அழகாகத்தான் எரிந்தது. அரை மணியில் நான் சட்டைக்கு மேலே போட்டிருந்த கம்பளியைக் கழற்றினேன், ஒரு மணியில் சாக்ஸைக் கழற்றினேன். சுவரில் இருக்கிற வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. மேசையில் வைத்த வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது. உன் அப்பா பனியனோடு உட்கார்ந்துகொண்டு, முகம் பீட்ரூட் மாதிரி சிவந்துபோய், நல்லாத்தானே இருக்கு, ஏன் என்னவோ மாதிரி பாக்கிறே என்கிறார். நான் எல்லா ஜன்னலையும் திறந்து விட்டேன். உள்ளே இருந்த சூடு வெளியே போய் வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பியிருக்கிறது, எதிர்வீட்டு ஹால்டிஸ் பார்த்துவிட்டு வீடு பற்றி எரிகிறது என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தாள். வாசலில் நின்று இவரைப் பனியனோடு பார்த்ததும், ஏன்டி மார்கித், ரெண்டு பேரும் கடற்கரைக்கு வந்திருக்கீங்களா, எனக்கும் ஒரு நாற்காலி போடு என்று கேட்டாள் பாரு, எனக்குச் சிரிப்பும் தாங்கவில்லை அவமானமும் தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கூட்டுறவுக் கடையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கடல் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

அதற்குப் பிறகு இவர் அடுப்பைப் பட்டினி போட ஆரம்பித்தார். ஒரே ஒரு கட்டை வைப்பார், காற்று போகிற வழியை அடைத்துவிடுவார், நெருப்பு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். மூன்றாம் நாளே கண்ணாடிக் கதவு கரிச்சட்டி ஆகிவிட்டது, உள்ளே நெருப்பு இருக்கிறதா செத்துவிட்டதா என்று குனிந்து தடவிப் பார்க்க வேண்டும். புகை மேலே போகாமல் முற்றத்தில் படுத்துக்கொண்டது. நான் கேட்டால், பழக வேண்டாமா, புது அடுப்பு, கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பார். பிப்ரவரி முதல் வாரத்தில் புது அடுப்பைப் பரிசோதிக்கப் புகைபோக்கி துடைக்கிற குன்வோர் வந்தாள், உனக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு கீழே படித்தவள், இப்போது அவள் கூரையேறுவதைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு பதறும். கம்பியை விட்டு இழுத்தாள், ஒரு வாளி நிறைய கறுப்பாக, பளபளவென்று, தார் மாதிரி வந்தது. அதை அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டி, பெரியவரே, இது இன்னும் ஒரு மாசம் ஏறியிருந்தா பத்திக்கிட்டிருக்கும், அப்புறம் நான் வர வேண்டாம், தீயணைப்பு வண்டிதான் வரணும் என்றாள். அவள் கூடத்தை நீளவாக்கில் ஒரு தரம் அகலவாக்கில் ஒரு தரம் நடந்து பார்த்தாள். அஞ்சு கிலோவாட் போதும் இதுக்கு, பெரிய அடுப்பைப் பட்டினி போடறதைவிடச் சின்ன அடுப்புக்கு வயிறார போட்டு வெளிச்சமா எரியவிடணும், எந்தப் புண்ணியவான் உங்களுக்கு இதை வித்தான் என்று கேட்டாள்.

நான் உடனே, விக்கலைம்மா, இவரே பொய்க் கணக்கு சொல்லி வாங்கினாரு, ஊர்லயே பெரிய அடுப்பு நம்மகிட்டதான் இருக்கணும்னு ஆசை என்று போட்டு உடைத்தேன். அப்பா தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார், ஆசையெல்லாம் இல்ல, மூணு வருஷம் முன்னாடி கிறிஸ்துமஸ் விருந்துக்கு மாப்பிள்ளை வந்தான், என் மேசையில கோட்டைக் கழட்டாம உக்காந்து சாப்பிட்டான், கை நடுங்குச்சு, அதுக்கப்புறம் ஒரு குளிர்காலத்துக்கும் அவங்க வரல, கேட்டா கோடையில பாக்கலாம்னு சொல்றாங்க, வீட்டுக்கு வந்த புள்ள என் வீட்ல நடுங்கினா நான் எதுக்கு அப்பன்னு இருக்கேன். இவ்வளவும் குன்வோர் முன்னால் சொன்னார், இங்குன். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், எனக்குச் சொல்லவில்லை. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா பீப்பாயில் புளிக்க வைத்த மீனைத் திறந்தாரே, நினைவிருக்கிறதா? நமக்கு அது தேவாமிர்தம், ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை, அந்த வாசனைக்கு என்ன நினைப்பானோ என்று எனக்குக் கூச்சம். யாருக்கும் தெரியாமல் அவன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் திரைக்கு உள்பக்கமாக ஒரு சாண் திறந்து வைத்தேன். உபசாரம் செய்கிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளையின் முதுகில் மைனஸ் பதினெட்டைக் கொட்டியிருக்கிறேன்! அவனும் பாவம், ஒரு வார்த்தை சொல்லாமல், மூக்கு நுனி சிவக்க, இன்னும் ஒரு துண்டு மீன் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்று வருஷமாகப் பழைய அடுப்பின் மேல் விழுந்த பழி என்னுடையது. ஒரு மாதமாக நான் இவரைப் பேராசைக்காரர் என்று பேசிய பேச்சுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சொல்லிவிட்டேன், இரண்டு பேர் முன்னாலும். அப்பா என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அந்த வாளித் தாரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார் பாரு, கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு, குன்வோரும் சேர்ந்துகொண்டாள். ஒரு ஜன்னல் கொக்கி போட வேண்டிய வேலைக்கு நாலு ஆளை வச்சு இரும்பு மலையைத் தூக்கிட்டு வந்திருக்கேன்டி என்றார். அதற்கப்புறம் எல்லாம் சுருக்காக நடந்தது. ஊர்ப் பொதுக்கூடம் எவ்வளவு பெரிது, எவ்வளவு குளிர் என்று உனக்கே தெரியும், வாஃபிள் பலகாரம் சுடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறையோடுதான் சாப்பிடுவோம். அந்தப் பெரிய அடுப்பை அங்கே கொடுத்துவிட்டோம், பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி ஆறு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள், ஹால்டிஸ், கடற்கரை வருது, வழி விடுங்க என்று கத்திக்கொண்டே முன்னால் நடந்தாள். அங்கே அதற்கு ஏற்ற தீனி, காற்று வழியெல்லாம் திறந்து கொழுந்துவிட்டு எரிகிறது, கண்ணாடியில் துளி கரி இல்லை. நம் கூடத்துக்கு ஐந்து கிலோவாட் ஒன்று வந்தது, என் இடுப்பு உயரம்தான். மூன்று கட்டையில் நன்றாக எரிந்து, கூடம் இருபத்தொன்றில் நிற்கிறது. அப்பா முதல் நாள் என்ன செய்தார் தெரியுமா? ரெனாட்டோ உட்கார்ந்த அதே நாற்காலியில், வெறும் சட்டையோடு, கையில் வெப்பமானியோடு, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தால், பேசாதே, கணக்கு தப்பும் என்கிறார்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீங்கள் வராததற்குக் காரணம் குளிர்தானா, வேறு ஏதாவதா, அம்மாவிடம் மறைக்காமல் எழுது. குளிர்தான் என்றால் அதன் கதை இப்படி முடிந்துவிட்டது. வேறு ஏதாவது என்றால் அதையும் நான் தாங்கிக்கொள்வேன், தெரியாமல் தவிப்பதுதான் முடியவில்லை. அப்பாவுக்கும் அதுதான், அவர் சொல்லத் தெரியாமல் இரும்பில் வாங்கி வைக்கிறார். ரெனாட்டோவிடம் ஜன்னல் விஷயத்தைச் சொல்லி என் சார்பில் மன்னிப்புக் கேள், அடுத்த முறை மீனின் வாசனையை அப்படியே அனுபவிக்கட்டும். வேலை வேலை என்று வேளை தவறிச் சாப்பிடாதே, கூரையேறிச் சரி செய்கிறேன் என்று மாப்பிள்ளை கிளம்பினால் விடாதே, ஆள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும், அதுதான் அப்பாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்வது.

மறந்துவிடாமல் ஒன்று. அடுத்த பதிலில் ரெனாட்டோவின் உயரம் என்ன என்று எழுது, அப்பா கேட்கச் சொன்னார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பித்தளையில் ஒரு கொக்கி அடித்திருக்கிறார், குத்துமதிப்பாக அடித்ததாம், தேவைப்பட்டால் ஏற்றி இறக்கி வைப்பாராம். நேற்று நான் தெரியாமல் என் சமையல் அங்கியை அதில் மாட்டிவிட்டேன். அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் மாட்டிவிட்டு வந்தார். கோட்டைக் கழட்டினா அவன் எங்க மாட்டுவான் என்று மட்டும் கேட்டார்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா மார்கித்
(அப்பா டோர்லைஃபின் முத்தங்களும், அவர் கேட்காமலேயே)