மலை பிடிக்காதவள்

சின்னவளே,

நம் தெருமுனையில் இப்போது பெஹாலா போகிற மோட்டார் பஸ் நிற்கிறது. நின்று கிளம்பும்போது பெட்ரோலும் கருகின எண்ணெயுமாக ஒரு வாடை மாடி வரைக்கும் ஏறி வருகிறது. கல்கத்தாவில் இந்தப் பவானிபூர்ப் பக்கம் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுகிறார்கள். நான் மட்டும் ஜன்னலைச் சாத்துவதில்லை. அன்றைக்குக் கொழும்பில் நீ படகிலிருந்து கப்பலேறி வந்து என் பாயில் விழுந்தபோது உன் சேலையில் அடித்தது இதே வாடைதான். இது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல். உன் ஞாபகம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. போய்ச் சேர்ந்தவளிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்காதே. நீ இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இப்போது எழுத வேண்டியிராது.

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் என்று திருநெல்வேலியிலிருந்து கடிதாசு வந்திருந்தது. ரயிலில் போயிருக்கலாம். என் வீட்டுக்காரர் கப்பல் கம்பெனி ஆபீசில் இருக்கிறவர் ஆயிற்றே, சலுகை டிக்கெட்டை விட்டுவிட்டு ரயிலேறுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அண்ணனும் தம்பியும், அவர்கள் பெண்டாட்டிகளாக நாம் இருவரும், கிதிர்பூர் துறையில் ஏறினோம். கொழும்பில் ஒரு பகல் நின்று தூத்துக்குடி போகிற கப்பல். மேல்தளத்தில் பாய் விரித்து இடம் பிடித்துக்கொள்கிற டிக்கெட். சைவச் சாப்பாடு கெட்டுவிடக் கூடாது என்று அடுப்பும் அரிசியும் குடிதண்ணீர்ப் பானையும் கூடவே வந்தன.

கொழும்புக்கு முந்தின சாயங்காலம் அவர் ஆரம்பித்தார். "நாளைக்குப் பகல் பூரா கப்பல் சும்மாதான் நிக்கும். அங்கருந்து கண்டிக்கு மோட்டார் பஸ் விடுதானாம். மலைமேல சுத்திச் சுத்தி ஏறுமாம். ராத்திரிக்குள்ள கொண்டாந்து விட்டுருவானாம்."

உன் வீட்டுக்காரருக்குப் பயம். "அவ்வளவு தூரம் போயிட்டு, வர நேரமாயி, கப்பல் போயிட்டுன்னா என்ன செய்ய? பேசாம கொழும்புலயே ரெண்டு கோயிலப் பாத்துட்டு வந்துருவோம்ணே."

"ஏல, எங்க கம்பெனி கப்பலு என்னை விட்டுட்டுப் போயிருமா?"

கப்பலே பாட்டன் சொத்து என்கிற மாதிரி அவர் சொன்னதும் நீ தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைமேல் ஏறும் என்றதிலேயே நான் நின்றுவிட்டேன். நான் கரிசல்காட்டில் பிறந்தவள். எங்கள் ஊரில் மேடு என்றால் ஊருணிக் கரை. கல்யாணமாகி வந்த கல்கத்தாவோ தட்டில் கொட்டின மாவு மாதிரி தட்டையான ஊர். மலை என்றால் எனக்கு ரயில் ஜன்னலில் தூரத்தில் தெரிந்த நீலம், அவ்வளவுதான். அதன்மேல் ஏறிப்போகலாம், அதுவும் உட்கார்ந்தபடியே போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இன்னொரு ஆசையும் இருந்தது. பகல் வெளிச்சத்தில் அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். கூட்டுக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது மலையைவிட எட்டாத சங்கதி என்பது உனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் ஏஜெண்டு ஆபீஸ் ஆள் படகில் வந்து, பஸ்ஸில் மூன்று இடம்தான் பாக்கி என்றான். நாமோ நான்கு பேர். போதாததற்கு, பாயை விட்டு எல்லோரும் எழுந்துபோனால் இடம் போய்விடும், பானையில் கண்டவன் கை பட்டுவிடும். ஒருவர் காவல் இருந்தே ஆகவேண்டும்.

"அப்ப பொம்பளையில ஒருத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தம்பிக்கு முன்னால் பெண்டாட்டியை "நீ வா" என்று கூப்பிடுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. மூத்தவளை இளையவள்தான் கேட்க வேண்டும். நீயும் முறை தவறாமல் கேட்டாய்.

"அக்கா, நீங்க போயிட்டு வாங்களேன்."

"எனக்கு எதுக்குட்டி மலையும் மண்ணாங்கட்டியும்? நீ சின்னவ, நீ போயிட்டு வா."

நம் பக்கத்தில் இதைப் பதில் என்றே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பந்தியில் முதல் தடவை பாயசம் வரும்போது இலையைக் கையால் மறைக்கிறோமே, அந்த மாதிரி. "அதெல்லாம் முடியாது, நீங்கதான் போகணும்" என்று நீ அடுத்தபடியாகச் சொல்ல வேண்டும். "இவ்வளவு சொல்லுதியே" என்று நான் அலுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். பச்சைச் சேலையை உடுத்திக்கொள்ளலாம் என்பது வரைக்கும் நான் மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

"சரிக்கா" என்றாய்.

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கிப் படகில் உட்கார்ந்தும் விட்டாய். கையை வேறு ஆட்டினாய். நானும் ஆட்டினேன். அப்புறம் நாள் முழுக்கப் பானைக்குக் காவல் இருந்தேன். அதை யாரும் தொடவில்லை. தொடுவதற்கு ஆளே இல்லை, கப்பலில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊர் பார்க்கப் போய்விட்டார்கள். பக்கத்துப் பாயில் இருந்த நாகப்பட்டினத்து அம்மாள் பல்வலியோடு முனகிக்கொண்டு கிடந்தாள். அவளுக்குக் கிராம்பு கொடுத்ததுதான் நான் கொழும்பில் செய்த காரியம்.

நீ திரும்பி வந்து சொன்னாய், சொன்னாய், அப்படிச் சொன்னாய். பஸ் ஒரு வளைவில் திரும்ப முடியாமல் பின்னால் வந்ததும் எல்லோரும் சாமி பெயரைச் சொல்லிக் கத்தினது. பாறைமேலிருந்து தண்ணீர் விழுந்து முகத்தில் தெறித்தது. மேலே போகப் போகக் குளிர் வந்து, உன் வீட்டுக்காரர் தன் துண்டை எடுத்து உன் தோளில் போர்த்தினது. "ஒரு பெஞ்சில ரெண்டு பேருதாங்க்கா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துக்கிட்டோம். பெரியத்தான் முன்னால டிரைவர் பக்கத்துல" என்றாய். தண்ணீர் தெறித்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தத் துண்டை என்னால் பொறுக்க முடியவில்லை. என்னவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தான்.

உனக்கு வழக்கம் தெரியாது, கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பாங்கி ஆபீசர் மகள், சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டாய் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்து அடுத்த வீட்டு வங்காளி அண்ணியிடம், பௌதி என்போமே, அவளிடம் விஜயதசமி வணக்கம் சொல்லப் போனோமே, அங்கே அந்தத் தேறுதலும் போயிற்று. பௌதி சந்தேஷ் மிட்டாய்த் தட்டை நீட்டினாள். "நா, நா", வேண்டாம் வேண்டாம் என்றாய். மறுபடி நீட்டினாள். வயிற்றைத் தொட்டுக் காட்டி மறுத்தாய். மூன்றாவது தடவை நீட்டியதும், அவளுக்காகச் சாப்பிடுகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டாக எடுத்துக்கொண்டாய். வங்காளிகளுக்கும் நமக்கும் இதில் ஒரே சாஸ்திரம்தான். உனக்கு அது தலைகீழ்ப் பாடம்.

அந்த வாயாலேயே பௌதியிடம் கண்டிக் கதையை ஆரம்பித்தாய். அவள் என்னைப் பார்த்து, "தீதி, துமி ஜாவோ நி?" என்று கேட்டாள். நீங்கள் போகவில்லையா என்கிறாள். நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு, அக்காவுக்கு மலை பிடிக்காது என்று வங்காளத்தில் சொன்னாய். அதோடு என் தலையில் எழுதி ஒட்டியாயிற்று. பிறகு யார் கேட்டாலும் அதே பதில். ஆபீஸ்காரர்கள் டார்ஜிலிங் போனபோது நீங்கள் மூன்று பேரும் கிளம்பினீர்கள். "உனக்குத்தான் மலை ஆகாதே, வீட்டப் பாத்துக்கோ" என்றார் அவர். போர்வைகளை மடித்து வைத்துக் கட்டிக்கொடுத்தவள் நான்.

நீ காய்ச்சலில் படுத்து, நடுவில் கொஞ்சம் தேறி உட்கார்ந்த ஒரு மத்தியானம் உனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். நீயாகவே சொன்னாய்.

"அக்கா, அன்னைக்குக் கப்பல்ல நான் ரெண்டாந்தடவ கேட்டிருந்தா நீங்க எந்திரிச்சிருப்பீங்கல்லா?"

நான் அடுத்த பின்னலைப் போட்டேன்.

"தெரியும். அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

சடையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். "ஆ" என்றாய், அப்புறமும் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உன்மேல் அந்த நிமிஷத்தில் இருந்த ஆத்திரம் வேறு யார்மேலும் எனக்கு வந்ததில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்டேன் என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. கட்டினவருக்குக்கூடத் தெரியாது. மழைக்காலத்தில் காய்ச்சல் திரும்பி வந்து, பூவும் பொட்டுமாக நீ போனாய். பார்க்க வந்த பெண்களெல்லாம் புண்ணியவதி, புண்ணியவதி என்றார்கள். அதிலும் முந்திக்கொண்டாயே என்றுதான் எனக்குத் தோன்றியது.

போன வாரம் சாப்பிடும்போது அவர், பூஜை லீவுக்கு ஆபீஸ்காரர்கள் மறுபடி டார்ஜிலிங் கிளம்புகிறார்கள், சிலிகுரியிலிருந்து பஸ்ஸிலேயே ஏறப்போகிறார்கள் என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, யாரும் கேட்பதற்கு முன்னால், "நானும் வாரேன்" என்றேன்.

அவர் கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்தார். "உனக்குத்தான் மலை பிடிக்காதே?"

"யாரு சொன்னா?"

"சின்னவதான் சொல்லுவா, எல்லார்ட்டயும்."

"அவ பொய் சொல்லிட்டா."

"செத்தவ மேல பழி போடாத" என்றார்.

பார்த்தாயா? இன்றைக்கும் உன் பேச்சுதான் எடுபடுகிறது. உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி கூப்பிட வேண்டுமென்றால் உன்னைத்தான் கூப்பிட வேண்டும். ஆனாலும் நான் விடவில்லை. வாரேன், வாரேன், வாரேன் என்று பந்தி உபசாரம் மாதிரி நானே சொன்னேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவர் பக்கத்து இடம் என்னுடையது. குளிர் வந்தால் துண்டைக் கேட்டு வாங்கியே போர்த்திக்கொள்வேன். எத்தனை வளைவு, எங்கே தண்ணீர் விழுகிறது, எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு வருவேன்.

நேற்றிலிருந்து ஒன்றுதான் மனதை அறுக்கிறது. நீ மலை பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, கேட்டு வயிறெரிய நான் இருந்தேன். நான் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது வயிறெரிய யாரடி இருக்கிறார்கள் எனக்கு?

பெரியவள்