அடுப்புக்குப் போகக் கூடாத விமானம்

என் பிரபு அண்ணாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. நீ இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று சிரிக்காதே. எனக்கு அவ்வளவு பயமாக இருக்கிறது. வேறு யார் கையிலாவது இது கிடைத்தால், உங்கள் காலில் விழுகிறேன், எங்கள் அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணா, உன் மிக் போர் விமானத்தை நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ பாதியில் விட்ட அதே பிளாஸ்டிக் விமானம்தான். சில்வர் பெயிண்ட் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று வேலூருக்குப் பைக்கை எடுத்தாய். ஹைவேயில் லாரி வந்தது. உன்னைப் புதைத்துவிட்டு வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "அந்தப் பொம்மைக்குப் பெயிண்ட் வாங்கப் போய்தான் என் புள்ள போய்ட்டான். கண்ணுல பட்டுச்சுன்னா அடுப்புல போட்டுடுவேன்."

அம்மா அதைக் கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கும் அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தார். டிசம்பர் வரும் என்பதை அம்மா மறந்துவிட்டார், அண்ணா. நாளைக் காலையில் ஸ்டார் கட்டுவதற்கு அப்பா அந்தப் பெட்டியை இறக்கப்போகிறார். அதனால்தான் எடுத்தேன். எடுத்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை.

இடது இறக்கையில், பசை காயும் முன்பு நீ தொட்ட இடத்தில், உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. தெரியுமா உனக்கு? உன் போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது. ஆனால் தொட்டால் நீயே கையில் தட்டுப்படுவது அது ஒன்றில்தான்.

வலது இறக்கைக்குப் பெயிண்ட் அடிக்க ஆசைப்பட்டேன். தோல் ஃபேக்டரியில் உன்னோடு வேலை பார்த்த உன் தோஸ்த் அஸ்லம் அண்ணனிடம் கேட்டேன். லேடீஸ் செருப்புத் தோலுக்கு அடிக்கும் சில்வர் கலரைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, செருப்புக் கடை வெக்கப் போறியா?"

"ஸ்கூல் பிராஜக்ட்டுண்ணே."

"ஜாஸ்தி ஊத்திக்காத. கைல பட்டா கல்யாணம் வரைக்கும் போகாது."

கையில் நன்றாகத்தான் பிடித்தது. பிளாஸ்டிக்கில் பிடிக்கவில்லை. தோல் கலரைக் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? காய்ந்ததும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. நம் ஊரில் கலர் சரியாக வராவிட்டால் என்ன செய்வார்கள்? தின்னரில் துடைத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். நானும் உன் பழைய தின்னர் டப்பாவைத் திறந்து, துணியில் நனைத்துத் துடைத்தேன்.

இறக்கை வெல்லப் பாகு போலக் குழைந்துவிட்டது, அண்ணா. துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, அது வலது பக்கம். உன் விரல் ரேகைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

இப்போது வேறொரு பயம். வாசனை. ஜன்னலைத் திறந்துவிட்டேன், தின்னர் நெடி போகவில்லை. பவுடர் கொட்டினேன், இரண்டும் சேர்ந்து அறை முழுக்க நீ ஷிஃப்ட் முடிந்து வந்து நிற்பது போல இருக்கிறது. ஸ்ப்ரே செக்‌ஷனிலிருந்து நீ வரும்போது உனக்கு முன்னால் தின்னர் வாசனைதானே வீட்டுக்குள் நுழையும்? அப்பா கண்ணைக்கூடத் திறக்காமல் படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாரே, நினைவிருக்கிறதா?

கதவுக்கு அடியில் துண்டை அடைத்திருக்கிறேன். அது போதுமா?

அஸ்லம் அண்ணன் உன் இடத்தில்தான் இப்போது ஸ்ப்ரே அடிக்கிறார். அம்மா இன்னும் உனக்கும் சேர்த்தே அரிசி போடுகிறார். அப்பா யாரிடமும் பேசுவதில்லை. நான் எதைச் செய்தாலும் சத்தம் வராமல் செய்யப் பழகிவிட்டேன்.

ரேகை விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும் என்று விமானத்தோடு வந்த செய்முறைத் தாளில் போட்டிருக்கிறது. நான் தேய்க்க மாட்டேன். அதன் மேல் பெயிண்டும் அடிக்க மாட்டேன். இது சத்தியம். விடியும் முன்பு விமானத்தை என் ஸ்கூல் பையில் வைத்துவிடுவேன். அப்பா கேட்டால்

நடக்கும் சத்தம் கேட்கிறது. அப்பாவுடையதுதான்.

விளக்கை அணைக்க முடியாது, சுவிட்ச் கதவுப் பக்கம் இருக்கிறது. கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன்.

உன் தங்கச்சி, பாப்பா.

கதவைத் தட்டுகிறார். மெதுவாக. என்னைக் கூப்பிடவில்லை, அண்ணா.

"பிரபு? வந்துட்டியாடா?"