கம்ப்யூட்டர்மேல் போட்ட பழி

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயும் மாப்பிள்ளையுமாவது நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பொழுதை ஓட்டுகிறோம். போனில் சொல்லாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று பயந்துவிடாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், பேச்சுதான் போய்விட்டதே தவிர அந்த மனுஷருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. அவருக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீ சொன்னபடி பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி போட்டாயிற்று. பக்கவாதம் வந்த பிறகு பேச முடியாதவர் அதில் டைப் அடித்தாவது வேண்டியதைச் சொல்லட்டும் என்றுதானே அவர் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம், அந்த மகராசிப் பெட்டி என்னடாவென்றால் ஓர் எழுத்தை அழுத்தினால் சாவகாசமாக அரை நிமிஷம் கழித்துக் காட்டும், அதற்குள் இவர் விழவில்லையோ என்று மறுபடி மறுபடி அழுத்துவார், தண்ணீர் கேட்க உட்கார்ந்தவர் முன்னால் திரை முழுக்க த த த என்று நிற்கும். உடனே அதைக் காட்டித் தலையில் அடித்துக்கொள்வார், நானும் கூடச் சேர்ந்து அதைத் திட்டுவேன். ஆபீசில் முப்பது வருஷம் விசைகளைப் பார்க்காமலே டைப் அடித்தவர், அவரிடம் போய்க் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்.

நான் கடைக்குப் போய் மெமரி கொடுங்கள் என்றேன், போனில் போடுகிற நகத்தளவு கார்டைக் கொடுத்தார்கள், நானும் சமர்த்தாக அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன். ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, இத எங்கம்மா மாட்டுறது, என்று சிரித்த சிரிப்பில் அப்பாகூட வாய் கோணச் சிரித்தார், அவர் சிரித்து நாலு மாசம் ஆகிறது. அப்புறம் ரிப்பேர்காரரே தேடிப்பிடித்துப் பழைய பெட்டிக்குப் பொருந்துகிற மாதிரி சீப்பு நீளத்தில் இரண்டு பச்சைப் பட்டை கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசை அழுத்தினார், இரண்டு பக்கமும் டக்கென்று பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வருவேன், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தயாராக நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமே பறக்கும்மா, என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கடிதம் வாண்டுவுக்குத்தான், எழுதுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். வேகமாகத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வ அழுத்தினார், அழுத்தின நொடியிலேயே விழுந்தது. திரையைப் பார்த்தார். மறுபடி வ, அதுவும் உடனே விழுந்தது. மறுபடியும் வ. முக்கால் மணி நேரம், வாண்டு, அந்த ஓர் எழுத்தைத் தாண்டி அவரால் வர முடியவில்லை. விரல் அடுத்த எழுத்தைத் தேடிப் போகிறது, பாதியில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறது, திரும்பி அதே விசைக்கு வருகிறது. இத்தனை நாளும் எதன்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கைல ஒண்ணுமில்லம்மா, வார்த்தை இருக்கிற இடத்துலயே அடிபட்டிருக்கு, இதுக்குமேல பெருசா எதிர்பார்க்காதீங்க என்றார். எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது.

டைப் அடிக்க உட்கார்ந்த அன்றைக்கே அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, கம்ப்யூட்டரைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். ஆமாம், சனியன் இன்னும் சரியாகவில்லை என்றேன், வேறென்னத்தைச் சொல்ல. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார், எனக்குச் சமாதானம் சொல்கிறாராம்.

அப்பா எழுதுவார் என்று காத்திருக்காதே கண்ணு. அழுவதானால் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதே அழுது முடித்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு அனுசரித்துப் போ, நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, போனில் அப்பா எழுதினாரா என்று கேட்கக் கூடாது. கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று கேள். இன்னும் இழுக்கிறது என்பேன். அவர் காதில் விழுகிற மாதிரி நீயும் அதை நாலு வார்த்தை திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா