ஆந்திராவுக்குச் செத்தவர்

திருப்பதி,
12-8-1960

அன்புள்ள நைனாவுக்கு,

கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். தோப்பு மேஸ்திரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நேரமானாலும் நீங்களே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கைத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறை மேட்ரன் சந்திரம்மாவுடையது. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. நான் காகிதத்தைத் திருப்புவதுகூட அவளுக்குக் கேட்குமோ என்று பயமாக இருக்கிறது.

இந்த விதவைகள் இல்லத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வேளை சோறு, எனக்குப் பள்ளிக்கூடம். அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கற்றுக்கொள்கிறாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். இங்கேயும் அப்படித்தான் கழுவுகிறாள், சோறு தின்பதற்கு முன்னால்கூட. சர்க்கார் இவ்வளவும் சும்மா செய்யுமா என்றுதான் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். நேற்று அதற்குப் பதில் கிடைத்தது.

ஹைதராபாத்திலிருந்து ஆபீசரம்மா வந்தார். எல்லோரையும் நிற்கவைத்து, இறந்துபோன புருஷன் பெயரைக் கேட்டார். சுலோசனா அக்கா "திருமலை" என்று, பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். அம்மா மட்டும் முந்தானையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எம் பொண்ணு சொல்லுவா" என்றாள். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். ஆபீசரம்மா எழுதிக்கொண்டு போய்விட்டார். சந்திரம்மா போகவில்லை. பிறகு கிணற்றடியில் வைத்து அம்மாவிடம் கேட்டாள்: "ஏமே செல்லி, செத்தவன் பேரச் சொன்னா அவனுக்கு இனிமே இன்னா ஆயிடப்போவுது?"

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற புருஷனின் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம் பெண்கள் வாயைத் திறப்பதில்லை. அது சந்திரம்மாவுக்குத் தெரியாதா? அவளும் நம்மைப்போல எல்லை ஊர்க்காரிதான்.

அடுத்த மாதம் ஆபீசரம்மா மறுபடி வருவார். புருஷன் இருப்பவள் என்று தெரிந்தால் அன்றைக்கே பையோடு வெளியே அனுப்பிவிடுவார்களாம். அதனால் இப்போது வராதீர்கள். போன முறை மொட்டை போட்டுக்கொண்டு மலையடிவாரத்தில், அலிபிரியில் கூட்டத்தோடு நின்றீர்கள். திருப்பதியில் மொட்டைத் தலையை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் நீங்கள் ஒருதரம் செருமியதும் அம்மா திரும்பிப் பார்க்காமலே சிரித்துவிட்டாளே. நம் காலனியில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, வாசலில் நின்று செருமினால் போதும். இங்கே தட்டுகிற பழக்கம் சந்திரம்மாவுக்கு மட்டும்தான்.

பதிலை வழக்கம்போல என்னோடு படிக்கும் தாட்சாயணி வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

உங்கள் மகள்,
செங்கம்மா


ஆரம்பாக்கம்,
20-8-1960

செங்கம்மாவுக்கு மாமா எழுதிக்கொள்வது.

மாமான்னுதான் போடணும்னு நீ சொன்னதால போட்டேன். நான் நல்லா கீறேன். சவுக்கு வெட்டிக்கினு கீறோம், லாரி தெனம் மெட்ராஸ் போவுது.

பயப்படாதே. நான் ஆந்திராவுக்குத்தான் செத்தேன். ஏப்ரல் மாசம் நம்ம ஊரை அந்தப் பக்கம் சேர்த்தானே, அதனால வந்த அதிர்ஷ்டம் இது. புது ஆபீசுல என் மூஞ்சியப் பார்த்தவன் ஒருத்தனும் இல்ல, செத்துட்டான்னு சொன்னதும் எழுதிக்கினான். மெட்ராஸ் சர்க்காருக்கு நான் இன்னும் உசுரோடத்தான் கீறேன். உசுரோட இருந்தப்ப உங்களுக்கு ஒரு வேள கஞ்சி ஊத்த முடியல. செத்ததும் சர்க்காரு ரெண்டு வேள சோறு போடுது. இதுல யார் மேல கோவிச்சிக்கறது?

அம்மாகிட்ட சொல்லு. அந்த ஆபீசரம்மா கேட்டா என் பேரச் சொல்லிடட்டும். நானே சொல்லச் சொன்னேன்னு சொல்லு. வாயால சொன்னா ஆயுசு போவாது. அவ தாலி என் இடுப்புத் துணியில பத்திரமா முடிஞ்சி கீது.

மாமா


திருப்பதி,
14-9-1960

அன்புள்ள நைனாவுக்கு,

இதையும் எரித்துவிடுங்கள்.

ஆபீசரம்மா இன்று வந்தார். அம்மாவை மட்டும் தனியாக முன்னால் அழைத்தார். சந்திரம்மா அவர் காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். கேட்ட உடனே அம்மா சொல்லிவிட்டாள். "வீராசாமி." முந்தானையை இழுக்கவில்லை. குரல் நடுங்கவில்லை. இரண்டாவது முறை கேட்டதற்கு இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள், தெரியும். ஆனாலும் அதன் பிறகு அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. வேலைக்கு ஆர்டர் வந்துவிடும் என்று ஆபீசரம்மா சொன்னார். அம்மா சுலோசனா அக்காவோடு உட்கார்ந்து சிரித்துப் பேசினாள். ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டாள். முன்னெல்லாம் படுக்கும்போது கை கழுத்தில் தாலியைத் தேடும். இன்று தேடவில்லை.

அம்மாவுக்கு இங்கே ரொம்பப் பிடித்துவிட்டது நைனா. டாக்டரம்மா அவளை "செல்லியம்மா காரு" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். ஊரில் அவளை அப்படி யார் கூப்பிட்டார்கள்? அவள் சொன்னது சர்க்காருக்காகவா, தனக்காகவா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

செங்கம்மா


ஆரம்பாக்கம்,
24-9-1960

செங்கம்மாவுக்கு,

கடுதாசி வந்த மறுநாள் கோடாலி வழுக்கி இடது கால்ல பட்டுடுச்சி. எலும்பு தப்பிச்சிது. ஆஸ்பத்திரியில தையல் போட்டான். பேரச் சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதுன்னு நான் சொல்லல. நான்தான் சொல்லச் சொன்னேன். ஆனா படுத்துக்கினு கெடக்கறவனுக்கு வேற இன்னா நெனப்பு வரும்?

ரெண்டாந்தரம் சத்தமா சொன்னாளா? அத நீ எழுதாம இருந்திருக்கலாம்.

காந்தி ஜெயந்தி அன்னிக்கி உங்க இல்லத்துல பஜனை இருக்கும்னு முன்ன எழுதினியே, மேட்ரன் அதுல இருப்பா. அன்னிக்கி ராத்திரி உங்க கதவாண்ட வந்து நிக்கறேன். உள்ள வரமாட்டேன். உங்கம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டான்னா, தாலிய உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன். முன்ன மாதிரி 'இன்னாய்யா'ன்னு கூப்ட்டான்னா அது போதும், ஆர்டர் வர்ற வரைக்கும் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டேன்.

இது அவளுக்குத் தெரியட்டும். திடீர்னு வந்து சோதிச்சான்னு இருக்கக்கூடாது.

நைனா


திருப்பதி,
29-9-1960

அன்புள்ள நைனாவுக்கு,

வராதீர்கள். காலைத் தரையில் ஊன்றவே முடியாதவர் எப்படி வருவீர்கள்? இதை விடிந்ததும் தபாலில் போட்டுவிடுகிறேன். காந்தி ஜெயந்தி ஞாயிற்றுக்கிழமைதானே, அதற்குள் கிடைத்துவிடும்.

கடைசியில் "நைனா" என்று ஏன் எழுதினீர்கள்? தாட்சாயணி வீட்டார் ஊருக்குப் போயிருந்ததால் தபால்காரர் உங்கள் கடிதத்தை நேரே இல்லத்தில் கொடுத்துவிட்டார். சந்திரம்மாதான் என் கையில் கொடுத்தாள். உறை சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. நீங்கள் பருக்கையால் ஒட்டுவீர்களா? அதைக் கொடுத்தபோது அவள் என் தலையைத் தடவினாள். இதுவரை அவள் என்னைத் தொட்டதே இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோடாலி பட்டது என்றதும் சோப்புக் கையோடு அப்படியே நின்றாள். அன்றிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். நேற்று கிணற்றடியில் யாரும் இல்லாதபோது சொன்னாள்: "அந்தப் பேரச் சொல்றப்ப ரெண்டு கால் வெரலையும் அழுத்திக்கினு நின்னேன்டி. சத்தமா சொன்னாத்தான் அந்தம்மா மூணாந்தரம் கேக்கமாட்டாங்கன்னு சொன்னேன்." அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவும் இல்லையாம். நான் எழுதுவது தெரிந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாளாம். நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் நைனா. அவள் உங்களை முன்போலத்தான் கூப்பிடுவாள். அதைக் கேட்க நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை. இன்னும் ஒரே வாரம். ஆர்டர் மட்டும் கைக்கு வந்துவிட்டால்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

விளக்கைக் குறைத்துவிட்டேன். மறுபடி மெதுவாகத் தட்டுகிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மா எழுந்துவிட்டாள். கூந்தலை முடியாமலே கதவண்டை ஓடிவிட்டாள். "வந்துட்டியாய்யா? காலு எப்படிக் கீது?" என்று தாழ்ப்பாளில் கை வைத்துக் கேட்கிறாள்.

பதில் இல்லை.

நைனா, ஞாயிற்றுக்கிழமைதானே வருவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் தட்டமாட்டீர்களே. நீங்கள் செரும